உப்புக்கல் முதல் செம்புக்கம்பி வரை: படிக அமைப்பையும் குறைபாடுகளையும் படிப்படியாகப் புரிந்துகொள்ள

திண்மங்களைப் பற்றிய பாடத்தைப் பெரும்பாலான மாணவர்கள் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறார்கள். ஷாட்கி என்றால் அடர்த்தி குறையும், ஃப்ரெங்கல் என்றால் குறையாது, முகப்புமையக் கனசதுரத்தில் நான்கு அணுக்கள் என்று விடைகளை உருப்போட்டுவிட்டு, புரிந்துகொள்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். அந்தப் பிறகு வருவதே இல்லை. இந்த வழிகாட்டியில் வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் ஒழுங்கைக் கண்ணால் பார்ப்போம், பிறகு கையால் எண்ணுவோம். ஒழுங்கு எப்படி இருக்க வேண்டும் என்று மனதில் பதிந்துவிட்டால், அது எங்கே பிசகுகிறது என்பது தானாகத் தெரியும். அந்தப் பிசகுகளை நாம் 'குறைபாடு' என்று அழைக்கிறோம். ஆனால் கம்பி வளைவதும், அரிவாள் வெட்டுவதும், உங்கள் கைப்பேசி வேலை செய்வதும் அவற்றால்தான்.

தேவையானவை: ஒரு பிடி கல் உப்பு, ஒரு பூதக்கண்ணாடி, இருபது முப்பது கோலிக்குண்டு, ஒரு சாண் செம்புக்கம்பி, கால்குலேட்டர்.

படி 1: உப்பை வளர்த்துப் பாருங்கள்

வெந்நீரில் கரையும் மட்டும் கல் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். துணியில் வடிகட்டி, அகலமான தட்டில் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி, யாரும் அசைக்காத மூலையில் வையுங்கள். நான்கைந்து நாளில் அடியில் சின்னச் சின்னச் சதுரங்கள் தெரியும். நீர்ப்பரப்பில் மிதந்தபடி வளர்ந்தவற்றைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். நடுவில் குழிந்து, ஓரத்திலிருந்து உள்நோக்கிப் படிக்கட்டு இறங்குவதுபோல் இருக்கும்; கோயில் குளத்தை மேலிருந்து பார்ப்பது போன்ற தோற்றம். விளிம்புகள் நடுப்பகுதியைவிட வேகமாக வளர்வதால் வரும் வடிவம் அது.

தெளிவான ஒரு படிகத்தை எடுத்து, பக்கத்துக்கு இணையாகக் கத்திமுனையை வைத்துத் தட்டுங்கள். கண்டபடி நொறுங்காமல், பெரும்பாலும் மட்டமான முகத்தோடு பிளக்கும். பிளந்த துண்டும் செங்கோணக் கட்டியாகவே இருக்கும். கண்ணாடித் துண்டை உடைத்தால் இப்படி நடக்காது. சிப்பி ஓடுபோல் வளைந்த முகம்தான் கிடைக்கும். கண்ணாடியில் அணுக்கள் பக்கத்து அணுவோடு மட்டும் ஒழுங்காக இருக்கின்றன, பத்து அணு தள்ளிப் போனால் அந்த ஒழுங்கு இல்லை. உப்பில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே தாளம்தான். படிகத்துக்கும் படிக வடிவமற்ற திண்மத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இதுவே.

படி 2: திரும்பத் திரும்ப வரும் துண்டைக் கண்டுபிடியுங்கள்

கோலம் போடுபவர்களுக்கு இந்தப் படி எளிது. நேர்ப்புள்ளி வைத்தால் சதுரக் கட்டம் வரும். ஊடுபுள்ளி வைத்தால், அதாவது ஒவ்வொரு வரிசையையும் முந்தைய வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவில் வைத்தால், முக்கோணக் கட்டம் வரும். புள்ளிகள் மட்டும் இருக்கும் அந்த நிலைதான் அணிக்கோவை. ஒவ்வொரு புள்ளியிலும் என்ன வரைகிறீர்கள் என்பது வேறு விஷயம். உப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சோடியம் அயனி, ஒரு குளோரைடு அயனி என ஒரு சோடி நிற்கிறது. புள்ளி அமைப்பும் புள்ளிக்கு உரிய அணுக்களும் சேர்ந்தால்தான் படிக அமைப்பு.

அடுக்கி அடுக்கி முழுப் படிகத்தையும் கட்டிவிடக்கூடிய சிறு பெட்டிதான் அலகு கூடு. உப்பின் அலகு கூட்டுக்குப் பக்கம் 5.64 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது 10⁻⁸ செ.மீ.), அதாவது ஒரு மில்லிமீட்டர் உப்புப் பரலின் ஓர் ஓரத்தில் ஏறக்குறைய 17.7 லட்சம் கூடுகள். முப்பரிமாணத்தில் இப்படிப் புள்ளி வைக்க 14 வழிகள்தான் உண்டு என்று பிரெஞ்சு இயற்பியலாளர் பிராவே 19ஆம் நூற்றாண்டின் நடுவில் காட்டினார். அவை 7 படிகத் தொகுதிகளுக்குள் அடங்கும். எல்லாவற்றையும் இப்போதே மனப்பாடம் செய்ய வேண்டாம். எளிய கனசதுரம் (மூலைகளில் மட்டும் புள்ளி), பொருள்மையக் கனசதுரம் (மூலைகளோடு பெட்டியின் நடுவிலும்), முகப்புமையக் கனசதுரம் (மூலைகளோடு ஒவ்வொரு முகத்தின் நடுவிலும்) ஆகிய மூன்றும், அறுகோண நெருங்கிய பொதிவும் தெரிந்தால் அன்றாடம் கையாளும் உலோகங்களில் பெரும்பாலானவை வந்துவிடும்.

ஒரு பிழையை மட்டும் இங்கேயே தவிர்த்துவிடுங்கள். சீசியம் குளோரைடின் படத்தில் மூலைகளில் குளோரைடும் நடுவில் சீசியமும் இருப்பதைப் பார்த்து, பொருள்மையக் கனசதுரம் என்று எழுதிவிடுகிறார்கள். பொருள்மையம் என்றால் நடுப்புள்ளியும் மூலைப்புள்ளியும் எல்லா வகையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே ஒன்று சீசியம், மற்றது குளோரின். ஆகவே அதன் அணிக்கோவை எளிய கனசதுரம்தான்.

படி 3: எண்ணுங்கள், அடர்த்தியைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். செம்பை எடுத்துக்கொள்வோம். முகப்புமையக் கனசதுரம்: எட்டு மூலையிலும் ஓர் அணு, ஆறு முகத்தின் நடுவிலும் ஓர் அணு. மூலை அணுவை எட்டுக் கூடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன, முக அணுவை இரண்டு கூடுகள். எட்டில் எட்டுப் பங்கு ஒன்று, ஆறில் பாதி மூன்று. மொத்தம் நான்கு அணுக்கள்.

முகத்தின் குறுக்கே மூலைவிட்டம் வரையுங்கள். அதில் ஒரு மூலை அணுவின் ஆரம், நடு அணுவின் விட்டம், எதிர்மூலை அணுவின் ஆரம் என்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஆக மூலைவிட்டம் நான்கு ஆரம். செம்பு அணுவின் ஆரம் 1.278 ஆங்ஸ்ட்ராம். நான்கால் பெருக்கி 1.414ஆல் வகுத்தால் கூட்டின் பக்கம் 3.615 ஆங்ஸ்ட்ராம்.

இனி அடர்த்தி. கூட்டுக்குள் இருக்கும் நிறை: 4 × 63.546 ÷ (6.022 × 10²³) கிராம். கூட்டின் பருமன்: 3.615 × 10⁻⁸ செ.மீ.யின் மும்மடி, அதாவது 47.24 × 10⁻²⁴ கன செ.மீ. வகுத்தால் கன செ.மீ.க்கு 8.93 கிராம் வருகிறது. தராசிலும் அளவுக் குடுவையிலும் அளந்தால் செம்புக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய அதே மதிப்புதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியை எண்ணி, கையில் இருக்கும் கட்டியின் எடையைச் சொல்லிவிட்டீர்கள். இந்தக் கணக்கை முதல்முறை முழுவதும் கையால் போட்டு முடித்த நாளில்தான் அணு என்பது படத்தில் உள்ள உருண்டை இல்லை, உண்மையான பொருள் என்று எனக்கு உறைத்தது.

இதையே இரும்புக்குப் போட்டுப் பாருங்கள். பொருள்மையக் கனசதுரம், கூட்டுக்கு இரண்டு அணு, பக்கம் 2.866 ஆங்ஸ்ட்ராம், அணு நிறை 55.845. விடை 7.88 வர வேண்டும். வரவில்லை என்றால் ஆங்ஸ்ட்ராமைச் செ.மீ.க்கு மாற்றும்போது தவறியிருப்பீர்கள். பத்தில் ஒன்பது பிழைகள் அங்கேதான் நடக்கின்றன.

படி 4: கோலிக்குண்டை அடுக்குங்கள்

ஒரு தட்டில் கோலிகளை நெருக்கிப் பரப்புங்கள். ஒவ்வொன்றையும் ஆறு கோலிகள் சூழும். இரண்டாம் அடுக்கைக் குழிகளில் வையுங்கள். மூன்றாம் அடுக்குக்கு இரண்டு தேர்வுகள்: முதல் அடுக்குக்கு நேர் மேலே வைத்தால் அறுகோணப் பொதிவு (மக்னீசியம், துத்தநாகம்), இரண்டுக்கும் மேலில்லாத மூன்றாவது குழியில் வைத்தால் முகப்புமையக் கனசதுரம் (செம்பு, வெள்ளி, தங்கம், அலுமினியம்). இரண்டிலும் இடம் 74 சதவீதம் நிரம்புகிறது. ஒரே அளவு உருண்டைகளை இதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது என்று 1611இல் கெப்ளர் சொன்னார். 1998இல் தாமஸ் ஹேல்ஸ் அதற்கு நிறுவல் தரும்வரை அது ஊகமாகவே இருந்தது. பொருள்மையக் கனசதுரம் 68 சதவீதம், எளிய கனசதுரம் 52 சதவீதம். எளிய கனசதுரமாகப் பொதியும் தனிமத்துக்குப் பாடப்புத்தகம் எப்போதும் பொலோனியத்தைக் காட்டுவதற்குக் காரணம், சாதாரண நிலையில் அப்படிப் பொதிவது அது ஒன்றுதான் என்பதே.

இந்தச் சதவீதங்களை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அறை வெப்பநிலையில் இரும்பு 68 சதவீதப் பொதிவில் இருக்கிறது. 912° செல்சியஸுக்கு மேல் 74 சதவீதப் பொதிவுக்கு மாறுகிறது. நெருக்கம் கூடிய பின் கார்பன் அணுவுக்கு இடமில்லாமல் போக வேண்டும் அல்லவா? நடப்பது நேர்மாறு. குளிர்ந்த வடிவம் அதிகபட்சமாக 0.022 சதவீதக் கார்பனைத்தான் தாங்கும், சூடான வடிவம் 2.14 சதவீதம் வரை தாங்கும். மொத்த வெற்றிடம் குறைந்தாலும், அது குறைந்த எண்ணிக்கையில், பெரிய பெரிய அறைகளாக ஒன்றுசேர்ந்திருப்பதால் வரும் விளைவு அது. கொல்லர் அரிவாளைச் செந்தணலாகக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ச்சல் கொடுக்கும்போது, அந்த அறைகளில் இருந்த கார்பன் வெளியேற நேரமில்லாமல் சிக்கிக்கொள்கிறது. கூடு ஒரு திசையில் நீண்டு இறுகுகிறது. விளிம்புக்குக் கடினம் வருவது அதனால்தான்.

படி 5: இது உண்மை என்று எப்படித் தெரியும்?

1912இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் இயற்பியலாளர் லாவேயின் யோசனைப்படி எக்ஸ் கதிரை ஒரு காப்பர் சல்ஃபேட் படிகத்தின் வழியாகச் செலுத்தினார்கள். ஒளித்தகட்டில் புள்ளிகள் விழுந்தன. உள்ளே அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தால்தான் கதிர் அப்படித் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரியும். மறு ஆண்டே பிரிட்டனில் பிராக் தந்தையும் மகனும் உப்பின் அமைப்பைக் கண்டறிந்தார்கள். 1915இல் நோபல் பரிசு பெற்றபோது மகன் லாரன்ஸ் பிராக்குக்கு வயது 25.

அவர்களின் விதி: கதிர் பலமாகத் திரும்ப வேண்டும் என்றால், தள இடைவெளியை (அடுத்தடுத்த அணுத்தளங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை) இரண்டால் பெருக்கி, கதிர் தளத்தோடு ஆக்கும் கோணத்தின் சைனால் பெருக்கினால், அலைநீளத்தின் முழு எண் மடங்கு வர வேண்டும். உப்பில் கூட்டின் பக்கத்தில் பாதி, 2.82 ஆங்ஸ்ட்ராம், ஒரு தள இடைவெளி. ஆய்வகங்களில் வழக்கமான செம்பு இலக்கின் எக்ஸ் கதிர் 1.5406 ஆங்ஸ்ட்ராம். 1.5406ஐ 5.64ஆல் வகுத்தால் 0.273, கோணம் 15.85 பாகை. கருவி இதன் இருமடங்கைக் காட்டும், எனவே 31.7 பாகையில் உப்பின் மிக உயரமான முகடு நிற்கும். உங்கள் கல்லூரியில் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு மானி இருந்தால் ஒரு சிட்டிகை உப்பைப் பொடித்து வைத்துப் பாருங்கள்.

இந்த அமைப்பில் 'சோடியம் குளோரைடு மூலக்கூறு' என்று தனியாக ஒன்று கிடையாது. ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரைடு சூழ்கிறது, ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம் சூழ்கிறது. இதை ஏற்க முடியாமல் 1927இல்கூட ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர் நேச்சர் இதழுக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார். உங்களுக்கும் முதலில் இது உறுத்தினால் பரவாயில்லை.

படி 6: புள்ளிக் குறைபாடுகள்

இப்போது ஓர் அணுவை எடுத்துவிடுங்கள். அந்தக் காலியிடம் எளிமையான குறைபாடு. அது அழுக்கோ தயாரிப்புக் கோளாறோ இல்லை. ஓர் அணுவை அதன் இடத்திலிருந்து பெயர்க்க ஆற்றல் செலவாகிறது என்பது உண்மை. ஆனால் கோடானுகோடி இடங்களில் எது காலியாக இருக்கலாம் என்பதற்கு எத்தனையோ வழிகள் உண்டு. அந்த வழிகளின் பெருக்கம்தான் என்ட்ரோபி. தனிச்சுழியத்துக்கு (−273° செல்சியஸ்) மேலான எந்த வெப்பநிலையிலும் சில காலியிடங்கள் இருப்பதே படிகத்துக்குச் சமநிலை. எத்தனை பேர் கேட்டாலும் இந்த ஒரு வரியை நான் சலிக்காமல் சொல்வேன்.

செம்பில் ஒரு காலியிடம் உண்டாக்க ஏறக்குறைய 0.9 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். போல்ட்ஸ்மன் அடுக்குக்குறியில், அதாவது அந்த ஆற்றலை வெப்ப ஆற்றல் kT-ஆல் வகுத்து e-இன் எதிர் அடுக்காகப் போட்டால், அறை வெப்பநிலையில் ஆயிரம் லட்சம் கோடி (10¹⁵) இடங்களுக்கு ஒன்று என்ற அளவில் காலி. 1000° செல்சியஸில் மூவாயிரத்துச் சொச்சம் இடங்களுக்கு ஒன்று. ஆயிரம் பாகை ஏறியதற்குக் காலியிடம் பல ஆயிரம் கோடி மடங்கு பெருகிவிட்டது.

இதை அளந்தும் காட்டியிருக்கிறார்கள். 1960 வாக்கில் சிம்மன்ஸ், பாலுஃபி என்ற இருவர் அலுமினியக் கம்பியைச் சூடாக்கி, கம்பியின் நீளம் எவ்வளவு கூடுகிறது என்று ஒரு பக்கமும், அலகு கூட்டின் பக்கம் எவ்வளவு கூடுகிறது என்று எக்ஸ் கதிரால் மறுபக்கமும் அளந்தார்கள். கம்பி, கூட்டைவிடச் சற்றே அதிகமாக நீண்டது. அந்த உபரிக்குப் புதிதாகச் சேர்ந்த காலியிடங்களே காரணம். உருகுநிலைக்கு அருகில் அவர்கள் கண்டது பத்தாயிரத்தில் சுமார் ஒன்பது. எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று. இரண்டு அளவுகோல்களின் வித்தியாசத்திலிருந்து இல்லாத அணுவை எண்ணிவிட்டார்கள்.

அயனிப் படிகத்தில் மின்சுமையும் சரிக்கட்டப்பட வேண்டும். ஒரு சோடியமும் ஒரு குளோரைடும் சேர்ந்து இல்லாமல் போனால் ஷாட்கி குறைபாடு. பொருள் குறைந்ததால் அடர்த்தி குறைகிறது. ஓர் அயனி தன் இடத்தை விட்டு இடுக்கில் போய் உட்கார்ந்தால் ஃப்ரெங்கல் குறைபாடு. பொருள் வெளியே போகவில்லை, அடர்த்தி மாறவில்லை. காரணம் தெரிந்தால் மனப்பாடம் தேவையில்லை. சிறிய நேர் அயனி, பெரிய எதிர் அயனி என்ற சில்வர் புரோமைடு போன்றவற்றில் ஃப்ரெங்கல் எளிது. பழைய ஃபிலிம் சுருளில் படம் பதிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்: இடுக்கில் அலையும் வெள்ளி அயனிகள், ஒளியால் விடுபட்ட எலக்ட்ரான்களைச் சந்தித்து வெள்ளித் துணுக்குகளாகச் சேர்ந்தன.

உப்பைச் சோடியம் ஆவியில் சூடாக்கினால் மஞ்சளாகிறது. குளோரைடு இல்லாத இடத்தில் ஓர் எலக்ட்ரான் குடியேறி, ஒளியின் ஒரு பகுதியை விழுங்குகிறது. அதுவே நிற மையம். பொட்டாசியம் குளோரைடில் இதே வேலை ஊதா நிறம் தருகிறது.

மாசு வழியாகவும் காலியிடம் வரும். உப்பில் இரட்டைச் சுமை கொண்ட ஒரு ஸ்ட்ரான்சியம் அயனி நுழைந்தால் இரண்டு சோடியம் வெளியேற வேண்டும். ஓர் இடத்தில் ஸ்ட்ரான்சியம், மற்றது காலி. ஒரு மோல் உப்பில் 10⁻³ மோல் சதவீதம் ஸ்ட்ரான்சியம் குளோரைடு சேர்த்தால் எத்தனை காலியிடங்கள்? சதவீதத்தை நூறால் வகுக்க மறக்காதீர்கள்: 10⁻⁵ × 6.022 × 10²³, அதாவது 6.022 × 10¹⁸.

படி 7: கம்பியை வளைத்துப் பாருங்கள்

செம்புக்கம்பியின் பிளாஸ்டிக் உறையை முழுவதும் உரித்துவிடுங்கள். இடுக்கியில் பிடித்து அடுப்பில் மங்கிய சிவப்பு வரும் வரை காட்டி, ஆற விடுங்கள். தண்ணீரில் முக்கினாலும் தவறில்லை. எஃகு போல் செம்பு இறுகாது. இப்போது இரண்டு விரலால் வளையுங்கள். வேகவைத்த சேமியாபோல் வளையும். நிமிர்த்தி, அதே இடத்தில் மறுபடி வளையுங்கள். மூன்றாம் நான்காம் முறையிலேயே விரலுக்கு எதிர்ப்பு தெரியும். வளைத்த இடம் இறுகி, வளைவு பக்கத்து இடத்துக்குத் தள்ளிப் போகும். திரும்ப அடுப்பில் காட்டினால் மீண்டும் இளகிவிடும். பொற்கொல்லர்கள் கம்பி இழுக்கும்போது நடுநடுவே நெருப்பில் காட்டுவது இதற்காகத்தான்.

உள்ளே என்ன நடந்தது? 1926இல் ஃப்ரெங்கல் ஒரு கணக்குப் போட்டார். ஒரு முழு அணுத்தளம் மற்றொன்றின் மேல் ஒரே நேரத்தில் வழுக்க வேண்டும் என்றால், செம்புக்கு ஏறக்குறைய 7 கிகாபாஸ்கல் அழுத்தம் வேண்டும். உண்மையான தூய செம்புப் படிகம் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விசையிலேயே வழுக்கத் தொடங்குகிறது. இந்தப் பள்ளத்தை 1934இல் டெய்லர், ஒரோவான், பொலானி மூவரும் தனித்தனியே ஒரே விடையால் நிரப்பினார்கள்: தளம் மொத்தமாக நகர்வதில்லை. படிகத்துக்குள் பாதியில் நின்றுபோன ஓர் அணுத்தளம் இருக்கிறது. அதன் விளிம்புக்கோடுதான் டிஸ்லொகேஷன் என்னும் இடப்பிறழ்வு. கல்யாண மண்டபத்தில் விரித்த பெரிய ஜமுக்காளத்தை ஒரு முழம் நகர்த்த, மொத்தமாக இழுத்தால் நாலு ஆள் வேண்டும். ஓரத்தில் ஒரு மடிப்பை எழுப்பி, அதைக் காலால் தள்ளிக்கொண்டே போனால் ஒருவர் போதும். அந்த மடிப்புதான் இடப்பிறழ்வு.

கம்பியை வளைக்க வளைக்க இந்தக் கோடுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. நன்றாக அடித்து இறுக்கிய உலோகத்தில் ஒரு கன செ.மீ.க்குள் இருக்கும் கோடுகளை நேராக நீட்டினால் ஒரு கோடி கிலோமீட்டர் வரும். நிலவுக்கு இருபத்தைந்து முறைக்கும் மேல் போகும் தூரம், ஒரு சர்க்கரைக் கட்டி அளவு செம்புக்குள். சூடாக்கியதும் அணுக்கள் நகர்ந்து, சிக்கல் கொண்ட பழைய பரல்களின் (உலோகக் கட்டிக்குள் நெருங்கி நிற்கும் சிறு படிகங்களின்) இடத்தில் புதிய பரல்கள் முளைக்கின்றன, கம்பி இளகுகிறது.

நேரில் பார்க்க ஆசையா? 1947இல் லாரன்ஸ் பிராக்கும் ஜான் நை என்பவரும் சோப்புக் குமிழிகளால் காட்டினார்கள். அகலத் தட்டில் சோப்புநீர், மீன்தொட்டிக் காற்றுக்குழாயின் முனையில் மெல்லிய ஊசி. ஊசி ஒரே ஆழத்தில் அசையாமல் இருந்தால் ஒரே அளவுக் குமிழிகள் வரிசைகட்டும், ஊடுபுள்ளிக் கோலம்போல். ஒரு குமிழி உடைந்தால் காலியிடம். இரண்டு ஸ்கேலால் மெல்ல அழுத்தினால், ஒரு வரிசைக்கோடு சட்டென்று குறுக்கே ஓடி மறையும். வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தால்தான் அந்த ஓட்டம் தெரியும். அவசரப்பட்டு அழுத்தினால் தவறவிடுவீர்கள். உலோகத்துக்குள்ளேயே அந்தக் கோடு நகர்வதை, 1956இல் கேம்பிரிட்ஜில் ஹிர்ஷும் உடன் ஆய்ந்தவர்களும் அலுமினியத் தகட்டில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே கண்டார்கள்.

படி 8: எல்லைகள்

குமிழிப் பரப்பில் இரண்டு பகுதிகள் வெவ்வேறு சாய்வில் வளர்ந்து சந்திக்கும் இடத்தில் ஒரு குழப்பமான கோடு இருக்கும். உலோகத்தில் அதற்குப் பெயர் பரல் எல்லை. பார்ப்பதற்கு ஆய்வகம் வேண்டாம். புதிய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வாளியையோ தகட்டையோ திருப்பித் திருப்பிப் பாருங்கள். பளபளப்பும் மங்கலுமாகத் திட்டுத்திட்டாக, பனிப்பூபோல் தெரிவது ஒவ்வொன்றும் ஒரு துத்தநாகப் பரல். இந்த எல்லைகள் இடப்பிறழ்வுகளை மறிக்கும் என்பதால், பரல் சிறிதானால் உலோகம் வலுப்பெறும். 1950களின் தொடக்கத்தில் ஹாலும் பெட்ச்சும் தந்த விதி இது. கடும் சூட்டில் மட்டும் நிலைமை மாறும். அங்கே எல்லைகளே பலவீனமான இடம். அதனால்தான் ஜெட் எஞ்சினின் சூடான விசிறி அலகுகளை எல்லையே இல்லாத ஒற்றைப் படிகமாக, நிக்கல் கலப்புலோகத்தில் வார்க்கிறார்கள்.

படி 9: சிலிக்கானில் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்

இதுவரை படித்ததைச் சோதிக்கச் சிலிக்கான் நல்ல இடம். உருகிய சிலிக்கானில் ஒரு விதைப் படிகத்தைத் தொட்டு, சுழற்றியபடி மெதுவாக மேலே இழுக்கிறார்கள். போலந்துக்காரர் சோக்ரால்ஸ்கி 1916இல் கண்ட முறை. விதை உருகலைத் தொடும் கணத்தில் வெப்ப அதிர்ச்சியால் அதில் இடப்பிறழ்வுகள் முளைக்கும். அவற்றை விரட்ட, 1950களின் இறுதியில் வில்லியம் டேஷ் ஒரு வழி கண்டார்: முதலில் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய கழுத்தாக இழுப்பது. சாய்ந்த தளங்களில் ஓடும் கோடுகள் கழுத்தின் பக்கவாட்டுப் பரப்புக்கு வந்து வெளியேறிவிடுகின்றன. அதன் கீழே 300 மி.மீ. விட்டத்தில் நூறு கிலோவுக்கும் மேல் எடையுள்ள தண்டு, ஓர் இடப்பிறழ்வுகூட இல்லாமல், அந்தக் கழுத்திலேயே தொங்கிக்கொண்டு வளர்கிறது.

இவ்வளவு பாடுபட்டு வளர்த்த படிகத்தில் அடுத்து ஒரு குறைபாட்டை வேண்டுமென்றே வைக்கிறார்கள். ஒரு கன செ.மீ.க்கு 5 × 10²² சிலிக்கான் அணுக்கள். அதில் 10¹⁶ பாஸ்பரஸ். ஐம்பது லட்சத்துக்கு ஒன்று. தூய சிலிக்கானில் அறை வெப்பநிலையில் ஒரு கன செ.மீ.யில் 10¹⁰ அளவே கட்டற்ற எலக்ட்ரான்கள். பாஸ்பரஸ் அணு ஒவ்வொன்றும் ஒன்றைக் கொடுத்தால் எத்தனை மடங்கு கூடுகிறது என்று கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். பத்து லட்சம் மடங்கு.